டிராக்டர் போன பக்கம்

பத்தனை என்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிதான் ஞாபகம் வரும். நானும் அங்கே விடுதியில் கிடந்து, காயாத துணியை உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போய், விஞ்ஞான ஆசிரியையாக வெளியே வந்தவள்தான். அத்தனை நாள் இருந்தும் அந்த ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. சிங்களத்தில் பத்தன என்றால் மலைநாட்டுப் புல்வெளி. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தால் தேயிலைதான் தெரியும். புல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் கதை தலைகீழ். புல் இருக்கிறது, பெயர் இல்லை. "மானாக்காடு" என்போம், இல்லாவிட்டால் "மேல் காடு". விரல் விட்டு எண்ணக்கூடிய மரம் உள்ள இடத்தைக் காடு என்கிறோமே என்று யாருக்கும் உறுத்தியதில்லை. சும்மா கிடக்கிற நிலமெல்லாம் எங்களுக்குக் காடுதான்.

நான் சொல்வது ஊவாப் பக்கம், வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஒரு தோட்டம். ஜூன் மாதத்தில் அட்டன்காரர்கள் குடையை மடக்க முடியாமல் திரிவார்கள். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் காற்றாக வரும். கூரைத் தகரத்தைப் பிடுங்கும் காற்று. ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் ஏறுவது இந்தக் காற்றில்தான். கொழும்பு ஏலத்தில் அதற்கு நல்ல விலை கிடைக்கும், லயத்தில் எங்களுக்கு உதடு வெடிக்கும். மானாப்புல் காய்ந்து பொன்னிறமாகி, எங்காவது நெருப்புப் பிடித்து, இரவில் மலைக்கு மாலை போட்ட மாதிரி எரியும். ஐப்பசி மழை இறங்கினால்தான் மறுபடி பச்சை. இந்த வகைப் புல்வெளிக்கு உலர் பத்தனை என்று பெயர். ஹோட்டன் சமவெளி மாதிரிக் குளிர்ந்து நனைந்து கிடப்பது ஈரப் பத்தனை. வெள்ளைக்காரன் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மரக்காட்டைத்தான் தேடித் தேடி வெட்டினான். பத்தனை மண் சத்தில்லாதது என்று பெரும்பாலும் ஒதுக்கிவிட்டான். அந்த ஒதுக்கலில் தப்பியதுதான் எங்கள் மேல் காடு.

அதாவது, முக்கால்வாசி தப்பியது.

லயத்துக்குப் பின்னால் ஏறினால் சரிவின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கல் வரிசை ஓடும். முழங்கால் உயரம். புதிதாகப் பார்ப்பவர்கள் பழைய எல்லைச் சுவர் என்று நினைப்பார்கள். அது சுவர் இல்லை, அப்பாவும் அவர் வயதுப் பிள்ளைகளும் பொறுக்கிப் போட்ட கல்.

அப்பாவுக்கு அப்போது 14 வயது. 1974. அந்த வருடத்தையும் அதற்கு முந்தின வருடத்தையும் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் குரல் தாழ்ந்துவிடும். கூப்பன் அரிசி குறைந்தது, கோதுமை மா விலை ஏறியது, கொழுந்தெடுத்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கையேந்தப் போனார்கள். தோட்டங்களில் பசியில் ஆட்கள் செத்தார்கள். அப்பாயிக்கும் அந்த வருடம் ஒரு பிள்ளை போனது. அவள் அதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். எங்கே ஒரு முழம் நிலம் கிடந்தாலும் கிழங்கு வை என்பதுதான் அன்றைய பேச்சு. மேல் காட்டை உழ ஒரு சிவப்பு டிராக்டர் வந்தது. அதன் பின்னால் வட்ட வட்டமாகத் தட்டு வைத்த கலப்பை. எங்கள் சரிவுகளில் அதுவரை மண்வெட்டியும் கிளறுகிற முள்ளும்தான் மண்ணைத் தொட்டிருக்கின்றன. குறுக்கே ஓட்டினால் கவிழும் என்று டிரைவர் மேலும் கீழுமாக ஓட்டினாராம். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிப் புரண்ட கல்லைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தார்கள். ஒரு நாள் கூலிக்கு ஒரு கொத்து மா.

நான்காம் நாள் மதியம் கலப்பையின் அச்சு முறிந்தது. சாமான் வரும் என்று டிராக்டர் இரண்டு கிழமை அங்கேயே நின்றது, வரவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள். அதனால் கல் வரிசை அந்த இடத்திலேயே நின்றுபோனது. இந்த விவரத்தை நான் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறேன் என்று அப்பாவுக்குப் புரிவதில்லை. "ஒடஞ்ச டிராக்டர்ல என்ன புள்ள பெருமை?" என்பார். பெருமை இருக்கிறது. வழக்கமாக உழுத நிலத்தையும் உழாத நிலத்தையும் ஒப்பிட முடியாது, ஏனென்றால் நல்ல மண்ணை உழுவார்கள், பாறையும் செங்குத்தும்தான் மிஞ்சும். இங்கே அப்படியில்லை. கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சரிவு, ஒரே மண், ஒரே வெயில், ஒரே மாடு. ஓர் அச்சு முறிந்ததுதான் வித்தியாசம். காசு கொட்டினாலும் இப்படி ஒரு பரிசோதனையை யாரும் அமைத்துத் தரமாட்டார்கள்.

முதல் வருடம் மரவள்ளி தொடை மொத்தத்துக்கு இறங்கியது. இரண்டாம் வருடம் கை மொத்தம். மூன்றாம் வருடம் விரல். மேலும் கீழுமாகப் போட்ட சால் வழியே ஐப்பசி மழை மண்ணை வாரிக் கீழே ஓடைக்குக் கொண்டுபோனது. 1977இல் விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அங்கே யாரும் எதையும் செய்யவில்லை. இரண்டு மழையில் பச்சை வந்தது, பிறகு மானாவும் வந்தது, இன்றைக்கு ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான். மாலையில் வெயில் சாயும்போது மட்டும் ஒரு பக்கத்தில் மெல்லிய வரி வரியாக நிழல் விழும். 50 வருடத்துக்கு முந்தின சால்.

அப்பாயி ரோட்டிலிருந்து பார்க்கிறவள் இல்லை. அவள் மருந்து பிடுங்கப் போகிறவள். நிலப்பனைக் கிழங்கு, விஷ்ணுகிரந்தி, பெயர் தெரியாமல் "சளிக்கு வைக்கிறது", "வயித்துக்கு வைக்கிறது" என்று அவளே பெயர் வைத்த இன்னும் நாலைந்து. சின்ன வயதில் நான் சாக்குப் பையோடு அவள் பின்னால் போவேன். கல் வரிசையைத் தாண்டி நான் ஓடினால் கூப்பிடுவாள்: "இந்தா, அது டிராக்டர் போன பக்கம். அங்கன ஒண்ணும் இருக்காது, வா." பேய் இருக்கிற இடத்தைச் சொல்வது மாதிரிச் சொல்வாள். நான் அதைப் பயம் என்றே எடுத்துக்கொண்டேன். படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் அது ஒரு தாவரவியல் தகவல் என்று என் மண்டையில் ஏறவில்லை.

ஏறியது ஒரு எட்டாம் வகுப்புப் பையனால். சுற்றாடல் பாடத்துக்காகச் சணல் கயிற்றில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, பிள்ளைகளை மேல் காட்டுக்குக் கூட்டிப் போனேன். கயிற்றுக்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ண வேண்டும், பெயர் தெரியாவிட்டால் இலையைப் படம் வரைய வேண்டும். உழாத பக்கம் போட்டோம். மேலே பார்த்தால் மானாப்புல் மட்டும்தான். புல்லை விலக்கிக் குனிந்தால்தான் அடுத்த வீடு திறக்கும். மானாவின் தூருக்கு இடையில் இன்னும் மூன்று நாலு வகைப் புல். தரையோடு படர்ந்த பயற்றங்குடும்பத்துக் குட்டிக் கொடிகள். விஷ்ணுகிரந்தியின் நீலப் பொட்டு. நிலப்பனையின் மஞ்சள் நட்சத்திரம். செப்டெம்பர் என்பதால் ஊதா நிறத்தில் பினரப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம். சிங்களக்காரர்களின் பினர மாதத்துக்கும் இந்தப் பூவுக்கும் ஒரே பெயர். தரையிலிருந்து நேராக எழுந்த ஓர் ஆர்க்கிட் தண்டு, பூ முடிந்துபோனது. பிள்ளைகள் இரண்டு கை விரலையும் முடித்துக் கால் விரலுக்குப் போனார்கள். பிறகு கல் வரிசையைத் தாண்டி அதே கயிற்றைப் போட்டோம். மானா, இலுக்கு, பாவாடையில் குத்தி ஒட்டும் துத்திரி, பன்னம், மூலையில் உண்ணிச்செடிக் கன்று ஒன்று. அந்தப் பையன் ஒரு கையை விரித்துக் காட்டி, "இவ்வளவுதான் டீச்சர். இன்னும் அஞ்சு எடம் போட்டுப் பாத்துட்டேன், இதே ஆளுங்கதான் திரும்பத் திரும்ப வர்றாங்க" என்றான்.

இதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப. உயிர்ப்பல்வகைமை பாடத்துக்கு நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

ஏன் திரும்பவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வருடா வருடம் எரிகிற புல்வெளி அது. எரிந்து கரியாகக் கிடந்த இடம் முதல் மழைக்கு ஒரு கிழமையில் தளிர்க்கும், மாடு அதைத்தான் தேடிப் போகும். முற்றிய மானாவை அதன் எண்ணெய் வாசத்துக்கு மாடு தொடாது. நெருப்புக்கே அசையாத செடிகள் ஒரு தரம் உழுததற்கு ஏன் ஒழிந்தன? பதில் சுலபம், மண்ணுக்குக் கீழே இருக்கிறது. உலர் புல்வெளிச் செடிகள் தங்கள் உயிரை வெளியே வைப்பதில்லை. கிழங்கில், வேர்த்தண்டில், தூரின் அடியில் வைத்திருக்கும். நெருப்பு மேலால் போய்விடும், இரண்டு அங்குலம் கீழே சூடு எட்டாது. கலப்பை அந்த இரண்டு அங்குலத்துக்குத்தான் வருகிறது. கிழங்கை வெட்டி, வேரை மேலே திருப்பி, ஆடி வெயிலில் காயவைக்கிறது. நெருப்புக்குத் தப்ப ஒளித்துவைத்த பொக்கிஷத்தைக் கலப்பை நேராகப் போய்த் தோண்டி எடுக்கிறது.

இலுக்குக்கு மட்டும் இது கொண்டாட்டம். அதன் வேர்த்தண்டு துண்டு துண்டானால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி.

சரி, தாய்ச்செடி செத்தால் விதையிலிருந்து வரலாமே என்பீர்கள். அங்கேதான் இரண்டாவது சிக்கல். இந்த மாதிரிப் பல்லாண்டுச் செடிகளில் பெரும்பாலானவை விதையை நம்பிக் குடும்பம் நடத்துவதில்லை. கொஞ்சம் விதைதான் வரும், அதுவும் மண்ணில் அதிக நாள் உயிரோடு கிடக்காது. களைகளின் விதைதான் காத்துக் கிடக்கும். அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் பீல் என்பவர் 1879இல் 21 வகை விதைகளை மணலோடு கலந்து 20 போத்தல்களில் அடைத்துப் புதைத்தார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தோண்டி முளைக்கிறதா என்று பார்ப்பது ஏற்பாடு. 2021இல் தோண்டிய போத்தலிலும் விதை முளைத்தது, 142 வருடத்துக்குப் பிறகு. முளைத்தது எது? சாலையோரத்துக் களைச்செடி ஒன்று. காத்திருக்கத் தெரிந்தவன் யார் என்பதைப் பாருங்கள். ஆர்க்கிட் கதை இன்னும் மோசம். அதன் விதை வெறும் தூசி, உள்ளே சாப்பாடு கிடையாது. மண்ணில் அதற்கு வேண்டிய பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளை. உழும்போது அந்தப் பூஞ்சையின் நூல் வலையும் கிழிந்துபோகிறது.

மூன்றாவது மண். அலவாங்கைக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் குத்திப் பார்த்தேன், விஞ்ஞான முறை ஒன்றுமில்லை, சும்மா கை சொல்வதைக் கேட்கத்தான். உழாத பக்கம் கறுப்பாக, பொறுபொறுவென்று, வேரும் ஓட்டையுமாக. உழுத பக்கம் மேல் மண் வெளிறி, ஒரு சாணில் டங்கென்று நின்றது. தட்டுக் கலப்பை ஒரே ஆழத்தில் தேய்த்துத் தேய்த்துக் கீழே ஒரு கெட்டித் தளத்தைப் போட்டுவிடும் என்று படித்திருக்கிறேன். எங்களுடையது நாலு நாள்தான் உழுதது, ஆகவே தளத்தைவிட மேல் மண் ஓடைக்குப் போனதுதான் பெரிய காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். மழை விழுந்தால் அந்தப் பக்கம் ஓடுகிறது, இந்தப் பக்கம் இறங்குகிறது. மாதக்கணக்கில் காய்கிற நிலத்தில் ஒரு முளைக்கு இந்த வித்தியாசம் சாவா வாழ்வா.

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது டேட்டா போட்டுப் போட்டு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கள் பத்தனைகளைப் பற்றி 1899லேயே பியர்சன் என்ற தாவரவியலாளர் எழுதியிருக்கிறார். இவை இயற்கையாகவே புல்லா, இல்லை மனிதன் வைத்த நெருப்பால் வந்த புல்லா என்ற வழக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் உழுது விட்ட புல்வெளி என்ன ஆகும் என்பதில் நிறையப் பார்த்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் அதை ஒரு நாட்டளவுக்குச் செய்து பார்த்தவர்கள். கொலராடோவின் உலர் மேய்ச்சல் நிலங்களைக் கோதுமைக்கு உழுதார்கள், 1930களில் மழை பொய்த்தது, மண் புழுதியாக எழுந்து வானத்தை மூடியது, சனங்கள் வயலை விட்டுவிட்டுப் போனார்கள். 53 வருடம் கழித்து அந்த வயல்களைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பல்லாண்டுப் புல் வந்திருந்தது. ஆனால் அந்த மண்ணுக்குச் சொந்தமான நீல கிராமாப் புல் பல இடங்களில் உழாத நிலத்து அளவுக்குத் திரும்பவில்லை. அந்தப் புல்லின் நாற்று வேர் பிடிக்க மேல் மண் சில நாள் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும், அதுவும் முளைத்த சில கிழமைக்குப் பிறகு சரியான நேரத்தில். உலர் நாட்டில் அந்த நேரம் வாய்ப்பது அபூர்வம். மழை நாட்டில் காயம் சீக்கிரம் மூடும், காய்ந்த நாட்டில் மூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற ஆய்வு நிலத்தில் இன்னும் தெளிவாகக் கணக்குப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். உழவை நிறுத்தி 91 வருடம் ஆன வயலில், பக்கத்தில் ஒருபோதும் உழாத நிலத்தில் இருக்கும் தாவர வகைகளில் முக்கால் பங்குதான் இருந்தது, வருடத்துக்கு வளரும் செடியின் அளவு பாதிதான். 91 வருடம். எங்கள் கல் வரிசைக்கு 50தான் ஆகிறது. அப்பாயி இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன். "இதுக்கு எதுக்கு அவ்வளவு படிப்பு?" என்று கேட்டிருப்பாள்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு விந்தையாக இருக்கிறது. மண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதையும் புல்லால்தான் கொடுக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை. பழைய தேயிலையைப் பிடுங்கினால் உடனே கன்று வைக்கமாட்டார்கள். மானாவோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, அதை அவ்வப்போது வெட்டி அங்கேயே போட்டு, 18 முதல் 24 மாதம் விட்ட பிறகுதான் மறுநடுகை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசு அது. அம்மாவே அந்தப் புல்லை வெட்டிக் காயம்பட்டுத் தையல் போட்டிருக்கிறாள். ஆக, எங்கள் பத்தனையின் புல்லைக் கொண்டுவந்து தேயிலை மண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறோம். அந்த இரண்டு வருடக் கணக்குதான் எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்டது: மானா வந்துவிட்டால் மண் தேறிவிட்டது. தேயிலைக்கு அது போதும். மானாவுக்குக் கீழே குனிந்தால் தெரிகிற அந்த அடுத்த வீட்டுக்கு அது கணக்கே இல்லை. கலியாண வீட்டில் பந்தல் போட்டதும் கலியாணம் முடிந்துவிட்டது என்று சொல்வது மாதிரி.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் நுழைந்ததும் மரை மேய்கிற அந்தப் பச்சைக் கம்பளத்தைப் படம் பிடிப்பார்கள். நானும் பிடித்திருக்கிறேன், எங்கள் கலியாண ஆல்பத்திலேயே இருக்கிறது. 1960களில் அந்தச் சமவெளியில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். 1969இல் அது சரணாலயமானது, 1988இல் தேசியப் பூங்கா. கிழங்குக்குத் திருப்பிய நிலத்தைப் பிடித்துக்கொண்டது கிகுயூப் புல், கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து மாட்டுக்காகக் கொண்டுவந்தது. பாய் முடைந்தது மாதிரிப் பின்னிக்கொள்ளும், இடையில் ஒரு நாட்டுச் செடிக்குத் தலை நீட்ட இடம் கொடுக்காது. மரைக்கு அது பிடித்திருக்கிறது, சுற்றுலாக்காரர்களுக்கும் பிடித்திருக்கிறது. அது ஈரப் பத்தனை, எங்களுடையது போலத் தண்ணீருக்கு அழுகிற இடமில்லை. அங்கேயே அப்படி.

என் பங்குக்கு நான் செய்த பாவத்தையும் எழுதிவிடுகிறேன். மேலே சொன்ன கயிற்றுச் சதுரத்துக்கு நாலு வருடம் முன்னால், உலக சுற்றாடல் தினத்துக்கு மரம் நட வேண்டும் என்று ஓர் இடத்திலிருந்து கன்றுகள் வந்தன. 200 கன்று. எங்கே நடுவது? "மேலே வெறும் நிலம் சும்மாத்தானே கெடக்கு." சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். உழுத பக்கம் மண் கெட்டி, பிள்ளைகள் தோண்ட முடியவில்லை என்று உழாத பக்கமே ஒன்றரை அடிக் குழி 200 போட்டோம். ஜூன் 5. காற்று தொடங்குகிற மாதம். தண்ணீர் சுமக்க யார் இருக்கிறார்கள்? ஆகஸ்ட் விடுமுறை முடிவதற்குள் கன்று எல்லாம் குச்சி. படமும் பேனரும் மட்டும் நன்றாக இருந்தன. இப்போது போய்ப் பார்த்தால் அந்த 200 குழியையும் தனித்தனியாகக் காட்டலாம். குழிக்குழியாகத் துத்திரி, ஓரத்தில் உண்ணிச்செடி. 1826இல் பேராதனைத் தோட்டத்துக்கு அழகுக்காக வந்த செடி, என் குழியில் குடியிருக்கிறது. நெல்லி மரம் ஐந்தாறு தானாகவே அந்தச் சரிவில் நிற்கிறது, மொத்தப் பட்டையோடு, நெருப்பு பட்டுப் பட்டுக் கறுத்து. மரம் வேண்டுமென்றால் நிலமே வைத்துக்கொள்ளும் என்பதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு குழி தோண்டினேன்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. சித்தப்பா மகன் இரண்டு பசு வாங்கியிருக்கிறான். நல்ல பசு, கடன். தீனிக்குச் சிஓ-3 புல் போட வேண்டும், மேல் காட்டில் ஒரு ஏக்கர் கிடைத்தால் போதும் என்று தோட்டத்தில் கேட்டிருக்கிறான். வாயால் சரி என்றிருக்கிறார்கள். உழுவதற்கு லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரும் வாடகைக்குப் பேசிவிட்டான். அவன் காட்டிய இடம் உழாத பக்கம்.

"அங்க மண்ணு நல்லாருக்கு அக்கா. இந்தப் பக்கம் செத்த மண்ணு."

நல்லாருக்கிறது ஏன் என்று ஒரு மணி நேரம் பேசினேன். கொலராடோ, போத்தல், பூஞ்சை எல்லாம் சொன்னேன். தேத்தண்ணீர் இரண்டு தரம் ஆறியது. மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். பசுவுக்குப் பினரப் பூ தின்னக் கொடுக்க முடியுமா என்று கேட்கவில்லை, அந்த அளவுக்கு நல்ல பையன். அவன் கேட்கிற கேள்வியும் ஞாயம்தான். பால் காசு மாதா மாதம் வருகிறது. சம்பளத்தில் குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1974இல் அந்த டிராக்டரை மறிக்க யாருக்கு வாய் வந்திருக்கும்? எனக்கும் வந்திருக்காது. ஆனால் இப்போது பசி இல்லை, தெரிவு இருக்கிறது. ஒரு தரம் உழுத நிலத்தை இன்னொரு தரம் உழுதால் இழக்க அங்கே அதிகம் எதுவும் மிச்சமில்லை. மாட்டெரு போட்டால், சரிவுக்குக் குறுக்கே வரி கட்டினால், சிஓ-3 அங்கேயும் வரும். முதல் வருடம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைக்கு நான் இரண்டு லோடு எரு வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். அறிவியல் அசைக்காததை எரு அசைத்தது.

போன சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மேலே போனோம், எது எந்தப் பக்கம் என்று அவனுக்குக் காட்ட. கல் வரிசை சில இடத்தில் சரிந்து புல்லுக்குள் போய்விட்டது. அப்பா தடியால் தட்டித் தட்டி, கல் எங்கே என்று கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். நான் கூப்பிட்டுக் காட்டினேன்: உழுத பக்கத்திலும் ஓரமாக ஒரு நிலப்பனை நின்றது. பிறகு இன்னொன்று. எனக்குச் சந்தோஷத்தில் கை நடுங்கியது. 50 வருடத்தில் கல்லைத் தாண்டியிருக்கிறது.

அப்பா கல்லில் குதிகாலை ஒட்டி வைத்துக்கொண்டு உழுத பக்கமாக எட்டுப் போட்டார். ஒவ்வோர் எட்டுக்கும் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். ஒன்றில் இருந்தது. இரண்டில் இருந்தது. மூன்றாவதில் சின்னதாக ஒரு கன்று, இலை இரண்டு. நாலில் இல்லை. ஐந்தில் இல்லை. இருபது வரை போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மூணு எட்டு புள்ள" என்றார்.

தம்பி கீழே கிடந்த குச்சிகளைப் பொறுக்கி, எட்டாவது எட்டில் வரிசையாகக் குத்திக்கொண்டு போனான். அவனுடைய புல் அதற்கு அந்தப் பக்கம் தொடங்கும். நடுவில் அந்த ஐந்து எட்டை எதற்கு விட்டாய் என்று நான் கேட்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் உழ வேண்டும், லேண்ட்மாஸ்டர்காரன் வருகிற கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். எரு லோடுக்கு இன்னும் காசு அனுப்பவில்லை, அதை மறக்கக் கூடாது.